பைத்தான் மறைத்து வைத்தவை

கேள்வி: ஒன்றரை ஆண்டுகளாகப் பைத்தான் கற்று வருகிறேன். ஆசிரியர் கிடையாது, நானே படித்ததுதான். அலுவலக வேலைக்காக இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்ட பதிவுகளைப் பிரித்தெடுக்க ஒரு நிரல் எழுதினேன். விடை சரியாக வருகிறது; ஆனால் ஓடி முடிய நாற்பது நிமிடங்கள் ஆகின்றன. நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "பைத்தான் என்றால் அப்படித்தான், அது குழந்தைகள் மொழி. சி++ கற்றுக்கொள்" என்றார். தொடங்கினேன். மூன்றாவது வாரம் பாயின்டர் (நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருப்பது) வந்தது. அன்றிலிருந்து பத்து வரி நிரல்கூட 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்ட பிழை) என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. மொழி மாறத்தான் வேண்டுமா? மாறினால் எது? மறுபடியும் முதலிலிருந்தா? இதுவரை கற்றது வீணா? என் நிரல்கள் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டில் பைத்தான் நிரலை முதலில் திறந்தேன். உங்கள் நாற்பது நிமிடங்கள் அதன் பதினோராவது வரியில் இருக்கின்றன.

முதல் கோப்பின் மூன்று லட்சம் எண்களையும் ஒரு பட்டியலில் ஏற்றிவைக்கிறீர்கள். இரண்டாவது கோப்பிலும் ஏறக்குறைய அத்தனை வரிகள். ஒவ்வொரு வரிக்கும், 'இந்த எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?' என்று கேட்கிறீர்கள். எழுதும்போது அது ஒரே வரி. பதில் தேட வேண்டிய பைத்தானோ பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. சராசரியாகப் பாதித் தூரம் என்று வைத்தாலும் ஒரு தேடலுக்கு 1,50,000 ஒப்பீடுகள்; மூன்று லட்சம் தேடல்களுக்கு 4,500 கோடி. இதற்கு நாற்பது நிமிடம் என்பது, உள்ளபடி சொன்னால், நல்ல வேகம்.

அந்தப் பட்டியலைச் 'செட்' ஆக மாற்றுங்கள். ஓர் எண்ணைக் கொடுத்தால், அது எந்த அறையில் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு, நேராக அந்த அறைக்கே போய்ப் பார்க்கும் அமைப்பு அது. உள்ளே மூன்று லட்சம் இருந்தாலும் மூன்று கோடி இருந்தாலும் ஒரு தேடலுக்குச் சில அடிகள் நடந்தால் போதும். அதே அளவில் போலித் தரவு உருவாக்கி ஓட்டிப் பார்த்தேன். கோப்புகளை வாசிக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு நொடிகூட ஆகவில்லை.

இதே நிரலை வரிக்கு வரி சி++க்குக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்பது நிமிடம் சில நிமிடங்களாகக் குறைந்திருக்கும். 'ஆகா, மொழி மாறியதும் எவ்வளவு வேகம்!' என்று நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள், நண்பரும் காலரைத் தூக்கிவிட்டிருப்பார். 4,500 கோடி ஒப்பீடுகளும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். தரவு பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகும். அப்போது மாறிக்கொள்ள இன்னொரு மொழியைத் தேட வேண்டியதுதான்.

'குழந்தைகள் மொழி' என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் பேசிக் மொழியை உருவாக்கினார்கள். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதே நோக்கம். 'தொடக்கநிலையாளர்' என்ற சொல்லை அதன் பெயருக்குள்ளேயே வைத்தார்கள். 1975இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற பெரிய கணினி அறிஞர், பேசிக்கில் பழகிய மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பிக்கவே முடியாது, அவர்கள் மூளை கெட்டது கெட்டதுதான் என்ற பொருளில் எழுதிவைத்தார். நான் பேசிக்கில் தொடங்கியவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில்தான் சோறு. ஆகவே இந்த வகைத் தீர்ப்புகள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பைத்தானின் கதையும் அதுபோலத்தான். பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் முன்பு பணியாற்றிய 'ஏபிசி', கற்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட மொழி. அந்த அனுபவத்திலிருந்து வந்த பைத்தான் 1991இல் வெளியானது. எளிமை அதன் குலச்சொத்து. அந்த எளிமைக்கு அடியில் இருப்பது சி: நீங்கள் அன்றாடம் ஓட்டும் பைத்தானே சி-யில் எழுதப்பட்ட ஒரு நிரல்தான். பெரிய அளவில் எண்களைக் கையாளும் நம்பை போன்ற நூலகங்களின் உள்ளுறுப்பும் சி-தான். கடினமான வேலையை யாரோ ஏற்கெனவே கீழே செய்து வைத்துவிட்டார்கள். நீங்கள் மேல்மாடியில் வசதியாக வசிக்கிறீர்கள்.

அப்படியானால் மாறவே வேண்டாமா? மாறுங்கள். வேகத்துக்காக வேண்டாம். கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை இறங்கிப் பார்ப்பதற்காக. முதல் மொழி உங்களிடமிருந்து அன்போடு மறைத்த சில விஷயங்கள் உண்டு. அடுத்த மொழியில் கற்க வேண்டியவை அவைதான். அரைப்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். பைத்தான் 3 தமிழில் மாறிப் பெயர்களை (தரவுக்கு நாம் இடும் பெயர்களை) ஏற்றுக்கொள்ளும், ஆகவே தமிழிலேயே எழுதலாம். 'பழையது' என்ற பட்டியலில் 1, 2, 3 இருக்கின்றன. அடுத்த வரி:

புதியது = பழையது

இப்போது 'புதியது' பட்டியலின் கடைசியில் 4 சேர்க்கிறீர்கள். பிறகு 'பழையது' பட்டியலை அச்சிடுங்கள். பைத்தானில் 1, 2, 3, 4 என்று வரும். நாம் தொடாத பட்டியல் மாறிவிட்டது! காரணம், அந்த வரி புதிய பட்டியல் எதையும் உண்டாக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர் சூட்டியது, அவ்வளவுதான். ஜாவாவிலும் இதே கதை.

சி++இல் வெக்டர் என்ற பட்டியல் வகையில் இதே வரியை எழுதினால், 'பழையது' மூன்றோடு நின்றுவிடும். அங்கே சமக்குறி என்றால் முழு நகல். உள்ளே ஒரு கோடி எண்கள் இருந்தால் ஒரு கோடியும் நகலெடுக்கப்படும், அந்தச் செலவை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

ரஸ்ட் என்ற மொழியில் இன்னொரு வேடிக்கை. சமக்குறியைத் தாண்டியதும் பட்டியலின் உரிமை 'புதியது' கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு 'பழையது' என்ற பெயரைப் பயன்படுத்தினால், உரிமையைக் கைமாற்றிவிட்டாய், இனி அது உன்னுடையதில்லை என்று கம்பைலர் (நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நிரலை ஓடவே விடாது. சி-யிலோ பட்டியலின் இடத்தில் இருப்பது வரிசை; ஒரு வரிசையை இன்னொரு வரிசைக்கு இப்படிச் சமமாக்கவே முடியாது. நகல் வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே வரி, ஐந்து மொழிகள், நான்கு பதில்கள். 'இந்தத் தரவு எங்கே இருக்கிறது, யாருடையது, எப்போது அழியும்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் சொல்லும் பதில் அது. பைத்தானில் ஒன்றரை ஆண்டு ஓட்டியும் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்க அது வாய்ப்பே தரவில்லை. பாயின்டர் உங்களுக்குப் புரியாமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேள்வி எழாதவருக்கு விடையைப் பாடமாக நடத்தினால் அது, பாயின்டரை எழுதப் போடும் வெறும் நட்சத்திரக் குறியாகத்தான் தெரியும்.

என் கதை ஒன்று. சி-க்கு வந்த புதிதில், ஒருவரின் முழுப் பெயரைச் சேர்த்துத் தரும் ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டு) எழுதினேன். ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு வரிசை வைத்து, பெயரை அதில் நிரப்பி, அந்த வரிசையின் முகவரியைத் திருப்பி அனுப்பினேன். சோதனையில் எல்லாம் சரி. ஒரு நாள் இடையில் தேதி கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்தேன். பெயர் வர வேண்டிய இடத்தில் கிறுக்கல் வந்தது. தேதி ஃபங்ஷனை நீக்கினால் பெயர் திரும்பி வந்தது. இரண்டு நாள் தேதிக் கணக்கையே குடைந்தேன். பிறகு கம்பைலரில்தான் பிழை என்று முடிவுகட்டினேன். உண்மையில் நடந்தது, ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள் மாறிகள் இருந்த இடம் காலி என்று அறிவிக்கப்படுகிறது. அடுத்து வரும் ஃபங்ஷன் அதே இடத்தில் தன் சாமான்களை இறக்குகிறது. நான் வைத்திருந்தது, காலி செய்துவிட்டுப் போனவரின் பழைய முகவரி. வெட்கம் என்னவென்றால், கம்பைலர் முதல் நாளே இதை எச்சரித்திருந்தது. எச்சரிக்கைகள் தொல்லையாக இருக்கின்றன என்று நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.

மறைக்கப்பட்ட இரண்டாவது விஷயம் எண்ணின் அளவு. பைத்தானில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் இடம் தானாக விரியும். சி-யில் சாதாரண முழு எண்ணுக்கு இன்றைய கணினிகளில் 32 பிட் (0 அல்லது 1 வைக்கும் இடங்கள்). எட்டக்கூடிய உச்சம் 2,14,74,83,647. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெருக்கினால் 47,90,01,600, அது அடங்கும். பதின்மூன்றையும் பெருக்கினால் 6,22,70,20,800 வர வேண்டும். பெரும்பாலும் உங்கள் திரையில் தெரியப்போவது 1,93,20,53,504. பிழைச் செய்தி கிடையாது. பார்த்தால் யோக்கியமான எண்போலவே இருக்கும். 'பெரும்பாலும்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், குறியுள்ள (கூட்டல், கழித்தல் இரண்டு குறிகளையும் ஏற்கும்) முழு எண் நிரம்பி வழிந்தால் என்ன நடக்கும் என்பதைச் சி-யின் விதிகள் வரையறுக்கவே இல்லை. கம்பைலர் எதையும் செய்யலாம்.

இதைக் கண்டிப்பான மொழி ஒன்று தடுத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் சுமார் 40 நொடிகளில் வெடித்து முடிந்தது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றபோது அது அடங்காமல் போனதுதான் தொடக்கம். குறியுள்ள 16 பிட்டில் உச்சம் 32,767 தான். அந்த நிரல் எழுதப்பட்டிருந்த ஏடா, கண்டிப்புக்குப் பெயர் போன மொழி.

மூன்றாவது, வகைகள். எந்த மாறியில் எண், எதில் சொல் என்று முன்கூட்டியே அறிவிப்பது. இதற்கு மொழி மாறவே தேவையில்லை: 2015இல் வந்த பைத்தான் 3.5 முதல் வகைக் குறிப்புகளை எழுதலாம். உங்கள் பழைய நிரல் ஒன்றில் எல்லா ஃபங்ஷன்களுக்கும் வகைக் குறிப்பு எழுதி, 'மைபை' என்ற சரிபார்ப்பானில் ஓட்டுங்கள். அது எத்தனை இடங்களில் கோபித்துக்கொள்கிறது என்று பாருங்கள். கம்பைலரோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல ஒத்திகை அது. ஒரு வாரம் போதும்.

எந்த மொழி என்ற கேள்விக்கு வருவோம். என் பதில் பலருக்குப் பிடிக்காது: சி++ஐ இப்போது மூடி வையுங்கள். அது மோசமான மொழி என்பதனால் இல்லை. 1979இல் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் தொடங்கியதிலிருந்து சேர்ந்துகொண்டே வந்த மொழி அது. ஒரே வேலைக்கு நான்கு தலைமுறை வழிகள் உள்ளே இருக்கின்றன. எது பழைய வழி, எது இன்றைய வழி என்று தனியாகக் கற்பவருக்குத் தெரிவதில்லை. நீங்கள் அனுப்பிய நிரலிலேயே 1980களின் பாணியும் 2011க்குப் பிந்தைய பாணியும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன.

ஆறு வாரம் சி படியுங்கள். சிறிய மொழி. டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதுவதற்காக உருவாக்கியது. மறைப்பதற்கு அதனிடம் அதிகம் ஒன்றும் இல்லை. அதில் பிழைப்பு நடத்தச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரத்தான்.

அதன்பின் எங்கே போவது என்பது நீங்கள் என்ன கட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வலைச் சேவைகள் என்றால் கோ. 2009இல் வந்த மொழி, சிறியது, சில வாரங்களில் பயனுள்ள ஒன்றை எழுதிவிடலாம். பெரிய நிறுவன மென்பொருள் என்றால் ஜாவா அல்லது சி ஷார்ப். விளையாட்டு எஞ்சின் என்றால் வேறு வழியில்லை, சி++தான். இயங்குதளம், கருவி நிரல், வேகமும் பாதுகாப்பும் ஒருசேர வேண்டிய இடங்கள் என்றால் ரஸ்ட். 2015இல்தான் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது; 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பிலேயே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. சி-யில் நான்கு தடவை அடிபட்டவருக்கு ரஸ்ட்டின் கெடுபிடி ஏன் என்று உடனே புரியும். அடிபடாதவருக்கு அது காரணமில்லாமல் திட்டும் மேலாளர்போலத் தெரியும்.

வேலை தரவைப் புரட்டுவது மட்டும்தான், இனியும் அதுதான் என்றால், ஆறு வாரச் சி-யோடு பைத்தானுக்கே திரும்பிவிடுங்கள். அதில் குறைச்சல் ஏதும் இல்லை.

அந்த ஆறு வாரத்தில் பாடப் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். பைத்தானில் நீங்கள் எழுதி முடித்த நிரலையே மறுபடி எழுதுங்கள். என்ன வேண்டும், விடை சரியா என்பது ஏற்கெனவே தெரியும்; ஆகவே குழப்பம் வந்தால் அது மொழியைப் பற்றிய குழப்பம் மட்டுமே. உங்களிடம் சரியான ஒன்று கையில் இருக்கிறது, அந்த ஒப்பிடும் நிரல்.

முதலில் கோப்பை வரி வரியாக வாசியுங்கள். பைத்தானில் இரண்டு வரி; சி-யில், ஒரு வரி எவ்வளவு நீளம் வரலாம் என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். அதைவிட நீளமாக வந்தால்? அங்கேயே பாடம் தொடங்கிவிடுகிறது. அடுத்து, எண்களைச் சேர்த்து வைக்க வளரும் வரிசை ஒன்றைக் கட்டுங்கள். இடம் தீர்ந்தால் இரட்டிப்பு இடம் கேட்டு வாங்கி, பழையதை அங்கே நகர்த்த வேண்டும். நகர்ந்த பிறகு பழைய முகவரியை வைத்திருந்த பாயின்டர் என்ன ஆகும் என்று யோசியுங்கள்; 'புதியது = பழையது' வரி வேறு உடையில் திரும்பி வந்திருப்பது தெரியும். பைத்தானின் பட்டியலும் இடம் தீரும்போது கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்கிறது, அளவுதான் வேறு. இதைக் கட்டியபின் பைத்தானுக்குப் போய் ஒரு சிறிய எண் எத்தனை பைட் பிடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமான 64 பிட் கணினியில் 28 என்று சொல்லும். உங்கள் சி வரிசையில் அது 4.

கடைசியில், நாற்பது நிமிடத்தை இரண்டு நொடியாக்கிய அந்தச் செட்டை நீங்களே கட்டுங்கள். அறைகள், அறை எண் கண்டுபிடிக்கும் கணக்கு, இரண்டு எண்களுக்கு ஒரே அறை வந்துவிட்டால் என்ன செய்வது, எல்லாம் உங்கள் கையால். நூற்றைம்பது வரிக்குள் முடியும். முடிந்ததும் பைத்தானில் செட் என்று எழுதும்போதெல்லாம் அதன் உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதி வழியில் எரிச்சல் வரும். வந்தால் ஒரு நாள் விட்டுவிட்டுத் தொடருங்கள். நான்காவது வாரம்தான் எல்லாருக்கும் மோசமான வாரம்.

இன்னொன்று, ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுச் சாகும் நிரலோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் பெரும்பாலான எச்சரிக்கைகளைக் காட்டும் விருப்பத்தை முதல் நாளே போடுங்கள். கூடவே 'அட்ரஸ் சானிடைசர்' என்பதையும் இயக்குங்கள். அதன்பின் தகாத இடத்தைத் தொட்டால், எந்த வரியில் தொட்டீர்கள், அந்த இடம் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது, எந்த வரியில் விடுவிக்கப்பட்டது என்று ஒரு குற்றப்பத்திரிகையே வாசிக்கும். பல பாடங்கள் இதைச் சொல்லாமலே பாயின்டரைக் கற்பிக்கின்றன. விளக்கில்லாமல் நிலவறைக்குள் அனுப்புவதுபோல.

ஒன்றரை ஆண்டு வீணா என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலைத் துண்டு துண்டாக உடைப்பது, பிழை எந்தத் துண்டில் என்று சுருக்கிக்கொண்டே போவது, ஆறு மாதம் கழித்து வாசித்தாலும் புரியும்படி பெயர் வைப்பது. உங்கள் பைத்தான் நிரலில் இந்த மூன்றும் இருக்கின்றன. அவை மொழிக்கு மொழி கூடவே வரும். ஆகவே முதலிலிருந்து தொடங்கும் பேச்சே இல்லை.

இனி, நீங்கள் அனுப்பிய அந்தப் பத்து வரி சி++ நிரல். ஏழாவது வரியில் ஒரு பாயின்டரை அறிவிக்கிறீர்கள். ஒன்பதாவது வரியில் அது காட்டும் இடத்தில் 25 என்று எழுதுகிறீர்கள். அது எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று எங்குமே சொல்லவில்லை. நினைவகத்தில் அப்போது என்ன எச்சம் கிடந்ததோ அதையே முகவரியாக எடுத்துக்கொண்டு போய் எழுதப் பார்க்கிறது. ஏற்கெனவே உள்ள ஒரு மாறியின் முகவரியைக் கொடுங்கள், அல்லது புதிதாக இடம் ஒதுக்கிக் கொடுங்கள். எட்டாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். அது அங்கேதான் வர வேண்டும்.